ராயல் ஹார்லன் ஃபெர்ரி, தோற்றம் 1857

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப் பிறந்த அன்றைக்கே அதற்கு வயது நூற்று அறுபது. சின்னத்தில் அப்படித்தான் போட்டிருந்தது: ராயல் ஹார்லன் ஃபெர்ரி, 1857. ஊர் தோன்றிய வருஷம் அது. அப்போது இங்கே இருந்ததெல்லாம் ஒரு படகுத்துறையும் இரண்டு சாராயக்கடையும்தான். யாரும் யாரையும் உதைத்திருக்கலாம், பந்தை உதைத்ததாகத் தகவல் இல்லை. கிளப் செத்தபோது அதன் நிஜ வயது ஒன்றேகால். இன்னும் பால்பல் முழுசாக முளைத்திருக்காது.

"ராயல்" என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ராஜா வேண்டாம் என்று அடித்துத் துரத்தித்தான் இந்த நாடே உண்டானது என்று குடியுரிமைப் பரீட்சைக்கு என்னை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கையைத் தூக்கிச் சத்தியமும் செய்தேன். அதே நாட்டில், ஐயோவா சோளக்காட்டுக்கு நடுவில், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்தன்று, கிரீடம் வைத்த பன்றியின் கொடியை ஏற்றி நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் வரவில்லை என்பதுதான் காரணம்.

பன்றி எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஊருக்குச் சோறு போடுவது பன்றிக்கறி ஆலை. நான் இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே கத்தி பிடிக்கிறேன். போஸ்னியாவில் போருக்குத் தப்பி வந்த முசல்மான் பன்றித் தொடை வெட்டிப் பிழைக்கிறான் என்று சரயேவோவில் இருக்கும் என் அண்ணன் போனில் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் பிள்ளைகள் படிப்புக்கு அந்தத் தொடைதான் போனது.

ஆலையில் இருக்கிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. தண்ணீர்த்தொட்டிக் கோபுரத்துக்குக் கீழே, ஒரு காலத்தில் ரயில்காரர்கள் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய இடம். நகராட்சியே கைவிட்டது. அங்கே கரிக்கட்டியைப் பொறுக்கி, மண் அடித்து, புல் விதைத்து மைதானமாக்கியவர்கள் நாங்கள். ஹோண்டுராஸ்காரர்கள், மெக்சிகோக்காரர்கள், லைபீரியாக்காரர்கள், பர்மாவிலிருந்து வந்த கரேன்கள், எங்கள் போஸ்னியக் கிழட்டுக் கூட்டம் என்று எட்டு அணி. காலையில் பந்து, மதியம் அடுப்பு, சாயங்காலம் சண்டை, திங்கட்கிழமை கத்திக்குப் பக்கத்தில் கத்தியாக நின்று சமாதானம்.

இந்த லீக்கின் தலைவி, செயலாளர், சமயத்தில் நடுவர் எல்லாம் யெசெனியா மெஹியா. ஹோண்டுராஸ்காரி, ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவு. என்னைவிடப் பத்து வயது இளையவள், பேச்சில் நாற்பது வயது மூத்தவள். அவள் விசில் ஊதினால் கோபுரத்துப் புறாவும் ஆட்டத்தை நிறுத்தும்.

இந்த இடத்தில்தான் பிரென்ட் லிண்ட்க்விஸ்ட் வந்து சேர்ந்தான்.

பிரென்ட் வெந்நீர்த்தொட்டி வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் வைத்து, குமிழி விட்டு, உட்கார்ந்து பீர் குடிப்பார்களே, அந்தத் தொட்டி. அப்பன் வைத்த கடை. பத்து நாள் இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனான். போனது தொட்டி வியாபாரி, திரும்பி வந்தது கால்பந்துப் பிரபு. கழுத்தில் அங்கத்து ரசிகர்கள் சுற்றுகிற கம்பளி மப்ளர். ஜூன் மாத வெயிலில், ரோட்டுத் தார் உருகும்போது, அந்த மப்ளரோடு வங்கிக்குப் போவான்.

நாலாம் டிவிஷன் கோடை லீக் ஒன்றில் தன் ராயல் கிளப்புக்கு இடம் வாங்கிவிட்டதாக ஒரு பீர் ஆலைக் கூடத்தில் அறிவிப்பு விழா நடந்தது. யெசெனியாவை மேடைக்கு ஏற்றினான்.

"தலைவா, இங்க பாருங்க எல்லாரும்! இவங்கதான் இந்த ஊர் ஃபுட்பாலோட இதயம்!"

எல்லாரையும் அவன் "தலைவா" என்றுதான் கூப்பிடுவான். பேர் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை பாருங்கள். யெசெனியா இறங்கி வந்து என் காதில் சொன்னாள்:

"இதயம்னா என்னன்னு தெரியுமா யோவ்? வெளிய தெரியாம உள்ளேயே கெடந்து வேலை செய்யணும். அதான்."

"தெரிஞ்சுமா சிரிச்சுக்கிட்டு நின்ன?"

"லைட்டு போடுறேங்கிறான், கழிவறை கட்டுறேங்கிறான். பொம்பளைங்க புதருக்குப் பின்னால ஓடுறது உனக்குத் தெரியுமா? நிக்காம என்ன செய்ய?"

நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் யாரும் மூன்று நிமிஷம் பேசலாம். மேஜையில் விளக்கு உண்டு. பச்சையில் ஆரம்பிக்க வேண்டும், மஞ்சளில் முடிக்க வேண்டும், சிவப்பில் வாயை மூட வேண்டும். ஜனநாயகத்தைப் போக்குவரத்தாகப் பார்க்கிற ஊர். யெசெனியா போய் கிளப்புக்காகப் பேசினாள். "சனிக்கிழமை அவங்க, ஞாயித்துக்கிழமை நாங்க. எடம் எல்லாருக்கும் போதும்." மஞ்சள் எரியும் முன்னே முடித்துவிட்டாள். மன்றம் கைதட்டி, மைதானத்தின் பத்து வருஷ உரிமத்தைக் கிளப்புக்குக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பற்றி உரிமத்தில் ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "அது புரிந்துணர்வு" என்றார்கள்.

லீக் விதிப்படி வேலி வேண்டுமாம். ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு வேலி வந்தது, இரும்புக் கதவு வந்தது. முதல் ஞாயிறு நாங்கள் அடுப்பும் கரியும் தூக்கிக்கொண்டு போனபோது பூட்டும் வந்திருந்தது. பூங்காத் துறை டக் தன் வண்டியை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கினான்.

"புல்லு ரெஸ்ட் எடுக்கணும்ங்க."

"என்னிக்கி?" என்றாள் யெசெனியா.

"ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமை எடுத்தா அதுக்குத் தூக்கம் வராதாமா?"

டக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அவருக்கு அடுத்தபடி அந்தச் சலுகை எங்கள் ஊர்ப் புல்லுக்குத்தான்.

எங்களுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். மூடிப்போன பேரங்காடியின் வண்டி நிறுத்தும் தார்த்தளம். நடுவில் விளக்குக் கம்பங்கள் வேறு. கரேன் பையன்களின் கோல்கீப்பர் முதல் மாதமே மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். கத்தி பிடிக்கிற கை. அவன் அணி அதற்கப்புறம் வரவில்லை. எட்டு ஆறானது, ஆறு ஐந்தானது.

இதற்கிடையில் ராயல் ஹார்லன் ஃபெர்ரிக்குப் பயிற்சியாளர் வந்தார். காலின் என்று ஒரு வெள்ளைக்காரர், அதாவது இங்கிலாந்து வெள்ளைக்காரர். அவர் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். "பந்தை மதியுங்கள். பந்து உங்களை மதிக்கும்" என்பார். ஆஹா என்பார்கள். "வெளி என்பது காலம்; காலம் என்பது வெளி" என்பார். பல் டாக்டர் ஒருவர் அதைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டார். அந்த மனிதர் தன் ஊரில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் என்பதும், பிரென்ட் அவரைத் தொட்டிக் கண்காட்சியில்தான் சந்தித்தான் என்பதும் பிறகு தெரிந்தது. தெரிந்தும் யாரும் கவலைப்படவில்லை. உச்சரிப்பு சரியாக இருந்ததே.

எங்களிடம் வார்னி கொல்லி என்று ஒரு லைபீரியாக்காரன் இருந்தான். பனிக்கறிக் கிடங்கில் வேலை, முன்வரிசை ஆட்டக்காரன். அவன் கால் பந்தைத் தொட்டால் எதிரணியே ஒரு நொடி வேடிக்கை பார்க்கும். கிளப்பின் தேர்வுக்குப் போனான். கல்லூரிகளிலிருந்து கோடை விடுமுறைக்கு இறக்கிய பிள்ளைகளை எல்லாம் சுற்றி வந்து மூன்று கோல் போட்டான். காலின் தாடையைத் தடவினார்.

"இவரிடம் இயற்கைத் திறன் உண்டு. ஆயினும் அமைப்புக்குள் அடங்கமாட்டார்."

பிரென்ட் வார்னியின் தோளில் கை போட்டான். "மனசு விட்றாத தலைவா. உன் எனர்ஜிய நான் வேஸ்ட் பண்ண மாட்டேன். உனக்குன்னு ஒரு ரோல் வச்சிருக்கேன்."

அந்த ரோல், பன்றி வேஷம். பஞ்சு அடைத்த உடம்பு, தலையில் தகரக் கிரீடம். ஊரிலேயே சிறந்த ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே வாலை ஆட்டிக்கொண்டு குழந்தைகளோடு போட்டோ எடுக்க வேண்டும். அன்றைக்கு என் காபிப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்தேன். என் மனைவி மிர்சாதா வருஷக் கணக்கில் அந்தக் கறையைத் துடைக்காமல் வைத்திருக்கிறாள், எனக்குக் காட்ட.

"ஏண்டா ஒத்துக்கிட்ட?" என்று வார்னியைக் கேட்டேன்.

"பக்கத்துலயே இருந்தா ஒரு நாள் கூப்பிடுவாங்கல்ல அண்ணே. யாருக்காவது கால் சுளுக்கும்."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"உள்ள இருட்டு அண்ணே. யாரும் மூஞ்சியப் பாக்க முடியாது."

கிளப்புக்கு ரசிகர் படை உண்டு. பல் டாக்டர், வரலாற்று வாத்தியார், வரித் தணிக்கையாளர் இருவர். இணையத்தில் பார்த்துப் பாட்டுக் கற்றுக்கொண்டு, புகைக்குப்பி கொளுத்தி, மூன்றாம் தரக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல ஆசை.

ஒரு சனிக்கிழமை பாதி ஆட்ட இடைவேளையில் போட்டி வைத்தான் பிரென்ட். நடுக்கோட்டிலிருந்து வெறும் கோலுக்குள் பந்தைத் தரையில் படாமல் அடித்தால் ஒரு வெந்நீர்த்தொட்டி பரிசு. பல் டாக்டர் அடித்தது மூலைக்கொடிக்குப் போனது. வாத்தியார் அடித்தது தன் செருப்பை. மைக்கில் பிரென்ட் குதித்தான்: "யாருமே இல்லியா? நம்ம பன்னி கூட அடிச்சிரும் போலிருக்கே!"

பன்றி நடந்து வந்தது. பஞ்சு வயிறு முட்டியில் இடிக்க, தலை ஒரு பக்கம் சாய, இரண்டடி பின்னால் போனது. அடித்தது. பந்து கோபுரத்து நிழலைத் தாண்டி, வெயிலில் ஏறி, மேல் கம்பிக்குச் சற்றுக் கீழே நுழைந்து வலையை உலுக்கியது. தகரக் கிரீடம் கழன்று விழுந்தது.

அப்புறம் அந்த மைதானத்தில் அதுவரை கேட்காத சத்தம். பாடக் கற்றுக்கொடுக்காமலே பாடினார்கள்: "பன்னிய எறக்கு! பன்னிய எறக்கு!" இரண்டாம் பாதி முழுக்க அதையே பாடினார்கள். நான்கு கோல் வாங்கித் தோற்றபோதும் பாடினார்கள்.

பிரென்டின் பல் தெரிந்தது, சிரிப்பு தெரியவில்லை. "விதிமுறைப்படி நம்ம சின்னம் போட்டியில கலந்துக்க முடியாது, மக்களே!" அடுத்த வாரம் வேஷத்தை ஒரு கல்லூரிப் பையனிடம் கொடுத்துவிட்டான். வார்னி மினசோட்டாவுக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வண்டி போன பிறகு யெசெனியா என்னிடம் சொன்னாள்: "அந்த எடத்த நான்தான்யா மூணு நிமிஷத்துல தூக்கிக் குடுத்தேன்."

இரண்டாம் கோடையில் ஜூலை பாதியிலேயே கல்லூரிகள் தங்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிட்டன. ஒவ்வொரு வருஷமும் கூப்பிடும், அது ஊருக்கே தெரியும், கிளப்புக்கு மட்டும் அதிர்ச்சி. கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது பேர் இறங்கினார்கள். காலின் "குறைவே நிறைவு" என்றார். ஒன்பது பேரும் ஏழு கோல் வாங்கினார்கள்.

அப்புறம் பிரென்ட் தன் லீக் இடத்தை அரிசோனாவில் ஒருவனுக்கு விற்றான். இந்த நாட்டு லீக்கின் அழகு அது. தோற்றால் கீழே இறக்கமாட்டார்கள், ஜெயித்தால் மேலே ஏற்றமாட்டார்கள். வாங்கலாம், விற்கலாம், தொட்டி மாதிரி. "எங்கள் பயணம் புதிய வடிவம் எடுக்கிறது" என்று இணையத்தில் ஒரு பதிவு. பல் டாக்டர் மப்ளரில் கண்ணைத் துடைத்தார். கதவு பூட்டியே கிடந்தது.

யெசெனியா நகராட்சிக்குப் போனாள், நானும் கூடப் போனேன்.

"உரிமம் கிளப் பேர்ல இருக்குங்க," என்றான் டக். "கிளப் எழுதிக் குடுத்தாத்தான் ரத்து பண்ண முடியும்."

"கிளப்தான் செத்துப்போச்சே."

"அதான் சிக்கல். செத்தவங்க எழுதித் தர மாட்டாங்கல்ல."

"அப்ப பத்து வருஷம் ஒரு பொணத்துக்கா எடம் குடுத்திருக்கீங்க?" என்றேன்.

"ஒம்பது வருஷம்தாங்க பாக்கி," என்றான் டக், ஆறுதலாக.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று அணிதான் மிஞ்சியது. அடுத்த வசந்தத்திலும் தார்த்தளம் என்றால் அந்த மூன்றும் வராது என்று கேப்டன்கள் நேராகவே சொல்லிவிட்டார்கள். லீக் இருக்குமா சாகுமா என்பது அந்தக் கதவில் தொங்கியது. யெசெனியா வேலை முடிந்து வாரா வாரம் நகராட்சி வாசலில் போய் நின்றாள். கையெழுத்துக்கு பிரென்டைத் தேடி அரிசோனாவுக்கும் போன் போட்டாள். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு: முறையான விழாவாக இருக்க வேண்டும். மேயர் உடனே சம்மதித்தார். மேயருக்கும் தேர்தல் வருகிறது.

நிகழ்ச்சி நிரல் வந்தது. "ஹார்லன் ஃபெர்ரிக்குக் கால்பந்தைக் கொண்டுவந்த பிரென்ட் லிண்ட்க்விஸ்டுக்கு நகரின் நன்றிப் பட்டயம். அதன்பின் மைதானச் சாவியை அவர் சமூகத்திடம் ஒப்படைப்பார்."

"கொண்டுவந்தவனா?" என்று கத்தினேன். "நான் கைதட்ட மாட்டேன்."

"நான் தட்டுவேன்," என்றாள் யெசெனியா.

"உனக்குக் கோவமே வராதா?"

"வரும்யா. சாவி கைக்கு வந்தப்புறம் வரும். நீ வாய மூடிக்கிட்டு ஒக்காரு. ஒக்கார முடியலன்னா வராத."

போனேன். உட்காரவும் முடியவில்லை. பிரென்ட் அரிசோனா வெயிலில் வெந்த முகத்தோடு, அதே மப்ளரோடு வந்திருந்தான். மேயர் பட்டயத்தைப் படிக்கப் படிக்க, அந்தக் கரிக்கட்டிகள் ஒவ்வொன்றாக என் தொண்டைக்குள் இறங்கின. பொதுமக்கள் நேரம் என்றதும் எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பச்சை எரிந்தது.

"இந்தாளு ஃபுட்பாலக் கொண்டுவரல. பூட்டக் கொண்டுவந்தான். நாங்க பொறுக்கின கரி எங்க வீட்டுக் கொல்லையில இன்னும் கெடக்கு, வந்து பாருங்க. ஒரு ஆட்டக்காரன் இருந்தான், அவனப் பன்னியாக்கினீங்க. நீங்க எல்லாரும் கைதட்டுனீங்க..."

"நிரலில் உள்ள விஷயத்தை மட்டும் பேசவும்," என்றார் மேயர். மஞ்சளே எரியாமல் சிவப்பு எரிந்தது. மைக் செத்தது. மைக் இல்லாமலும் கொஞ்சம் பேசினேன். போஸ்னிய மொழியில். நல்லவேளை, புரியவில்லை.

திரும்பியபோது யெசெனியா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பன்றியை முழுசாகச் சுட்டிருக்கலாம். அவள் மேடைக்குப் போனாள். பிரென்ட் நீட்டினான். முழங்கை நீளத்துக்கு ஒரு மரச்சாவி, தங்கப் பெயின்ட் அடித்தது, தலைப்பில் கிரீடம். அவள் வாங்கினாள். கேமரா வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுகிற மாதிரி எனக்குக் கேட்டது. யார் கன்னம் என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று அணியும் கதவு முன்னால் நின்றோம். பூட்டு கட்டை விரல் அளவு, சாவி கோடரிக் காம்பு அளவு.

யெசெனியா பிரென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நெஜ சாவியா? அது டக் கிட்ட இருக்கும் தலைவா! அருமையான விழா, இல்ல?"

டக்கைக் கூப்பிட்டாள். "எங்க கிட்ட ஏதுங்க? பூட்டு கிளப்போடது. பிரென்ட் கிட்டதான் இருக்கும்."

போனை அணைத்தாள். கதவுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே புல் இடுப்பளவு ஓய்வெடுத்திருந்தது.

"ஃபிக்ரெத்," என்றாள். அவள் என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீ அன்னிக்கி உன் பாஷையில என்ன சொன்ன?"

சொன்னேன். மொழிபெயர்த்தேன். பெண்கள் இருந்தார்கள், பாதியை விட்டுவிட்டேன்.

"சரி. இப்ப எனக்குக் கோவம் வந்திருச்சு. கதவத் தூக்குங்க."

பத்துப் பதினைந்து பேர், தினம் தொங்குகிற பன்றி தூக்கிப் பழகிய தோள்கள். ஒரே மூச்சில் கீலோடு கழன்று வந்தது. பூட்டு பூட்டியபடியே கதவைப் புல்லில் சாய்த்தோம்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த எந்திரங்களால் புல்லைப் பாதி வெட்டி முடித்தபோது போலீஸ் வண்டி வந்தது. இளம் அதிகாரி, நல்ல பையன்தான், கையை இடுப்பில் வைத்திருந்தான்.

"யாரு திறக்கச் சொன்னது? அனுமதி இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். யெசெனியா என்னைத் தள்ளிவிட்டு அந்த மரச்சாவியை இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மேயர் முன்னால குடுத்தது. பேப்பர்ல போட்டோ வந்துச்சே, பாக்கலியா தம்பி? நாலாம் பக்கம்."

அவன் சாவியைப் பார்த்தான். புல்லில் கிடந்த கதவையும் அதில் தொங்கிய பூட்டையும் பார்த்தான்.

"இதால அத எப்படிங்க திறந்தீங்க?"

"அது எங்க பிரச்சினை," என்றாள். "திறந்திருச்சில்ல? பொய்யின்னா மேயர் கிட்ட கேளு. குடுத்தது பொய்ச்சாவின்னு அவரே சொல்லட்டும். நாங்க எழுதி வாங்கிக்கிறோம்."

பையன் வண்டிக்குப் போய் வானொலியில் பேசினான். நெடுநேரம் பேசினான். அந்தப் பக்கம் யாரோ யாரையோ எழுப்ப, அவர் வேறு யாரையோ கேட்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் அந்தச் சாவியைப் பொய் என்று சொல்லத் தயாராக இல்லை. அவன் திரும்பி வரவே இல்லை. கண்ணாடியை இறக்காமல் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான்.

"கோடு போடுங்கடா," என்று கத்தினாள் யெசெனியா. "மூணு டீம்தான். சுத்தி சுத்தி ஆடலாம். யோவ், நீ கோல்ல நில்லு. கோவத்த எல்லாம் அங்க காட்டு."

நின்றேன். ஹோண்டுராஸ்காரர்கள் ஐந்து கோல் போட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் கத்தினேன்.